பக்கத்து பிளாசாவில் கஞ்சாக் கடை: ரொறன்ரோ மாநகரசபையால் தடுக்க முடியுமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக்கடை, நகைக்கடை, டியூஷன் வகுப்பு, அதற்கடுத்து உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாதபடி கண்ணாடியை மறைத்த ஒரு கஞ்சாக் கடை. பார்த்தவுடன் நம்மவர்கள் கேட்பது, "சிற்றி (மாநகரசபை) எப்படி இதற்கு அனுமதி கொடுத்தது?" என்பதுதான். உண்மையில் சிற்றி கொடுக்கவில்லை. கொடுக்கவோ மறுக்கவோ அதற்கு அதிகாரமும் இல்லை.

கனடா முழுவதும் கஞ்சா சட்டபூர்வமானது 2018 ஒக்ரோபர் 17 அன்று. அது மத்திய அரசின் முடிவு. யார் விற்கலாம், எங்கே விற்கலாம் என்பதை மாகாணங்களிடம் விட்டுவிட்டார்கள். ஒன்ராறியோவில் கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது ஏஜிசிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாகாண மது, சூதாட்ட ஆணைக்குழு. வாங்குவதற்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் கடைக்குள் கால் வைக்கவே கூடாது.

அப்படியென்றால் நகரசபைகளுக்கு என்னதான் இருந்தது? ஒரே ஒரு கேள்வி. "உங்கள் ஊரில் கடை வேண்டுமா, வேண்டாமா?" 2019 ஜனவரி 22க்குள் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறக்காமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். வேண்டாம் என்று சொன்ன ஊர், பிறகு மனம் மாறிச் சேர்ந்துகொள்ளலாம். சேர்ந்துவிட்டால் திரும்ப வெளியே வர முடியாது. 414 நகரசபைகளில் 77 வேண்டாம் என்றன. மார்க்கம் நகரம் வேண்டாம் என்றது, ரொறன்ரோவும் பிரம்ப்டனும் சரி என்றன. மிசிசாகா முதலில் மறுத்து, 2023 ஏப்ரலில் மனம் மாறியது.

இதில் பணமும் சம்பந்தப்பட்டிருந்தது. கஞ்சா சட்டபூர்வமானதால் ஏற்படும் செலவுக்கென்று மாகாணம் நகரசபைகளுக்கு 4 கோடி டொலர் ஒதுக்கியது. அதில் இரண்டாம் தவணையை வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுத்தார்கள். மறுத்த ஊர்களுக்கு மட்டும் வெறும் 5,000 டொலர். காசைக் காட்டிச் சம்மதம் கேட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சம்மதித்த ஊர் அதற்குப் பிறகு கஞ்சாக் கடைக்கென்று தனி அனுமதி முறை வைக்க முடியாது. "இந்தத் தெருவில் மற்றக் கடைகள் இருக்கலாம், கஞ்சாக் கடை மட்டும் கூடாது" என்று நில வலய விதியும் போட முடியாது. மாகாணச் சட்டமே இரண்டையும் தடுக்கிறது. சில்லறைக் கடை நடத்த அனுமதியுள்ள இடமென்றால் அங்கே கஞ்சாக் கடையும் வரலாம். ஒரு தெருவில் இத்தனை கடைதான் என்ற உச்சவரம்பும் கிடையாது. ரொறன்ரோவின் குவீன் தெரு மேற்கில் அடுத்தடுத்துக் கடைகள் முளைத்தது இப்படித்தான்.

தூரக் கட்டுப்பாடு ஒன்று இருக்கிறது: பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீற்றருக்குள் கடை வரக்கூடாது. தனியார் பள்ளிகளும் இதில் அடக்கம். ஆனால் இந்த விதி சொல்வது கல்விச் சட்டம் பள்ளி என்று ஏற்றுக்கொண்டவற்றை மட்டும். கோயில், பூங்கா, நூலகம், குழந்தைகள் காப்பகம் எதுவும் கணக்கில் வராது. பிள்ளைகளை மாலையில் விடுகிற டியூஷன் வகுப்பும் வராது. நம் பிளாசாக்களில் பலருக்கு உறுத்துவது இதுதான்.

சரி, உங்களால் என்ன செய்ய முடியும்? புதிதாக ஒரு கடைக்கு விண்ணப்பம் வந்தால் அந்த இடத்தின் வாசலில் ஏஜிசிஓவின் அறிவிப்பு ஒட்டப்படும். அன்றிலிருந்து 15 நாட்களுக்குள் அந்த ஊரில் வசிக்கும் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். நகரசபைக்கும் அதே 15 நாள்தான், அதே வழிதான். ஆட்சேபணைக்கு மூன்று காரணங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள்: பொதுமக்களின் உடல்நலமும் பாதுகாப்பும், இளையோர் கைக்குக் கஞ்சா போகாமல் தடுப்பது, சட்டவிரோத நடவடிக்கையைத் தடுப்பது. "நம் சமூகத்துக்கு இது பொருந்தாது", "ஏற்கெனவே நாலு கடை இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. அந்த இடத்துக்கே உரிய விஷயத்தை எழுதுங்கள். பிள்ளைகள் எந்த நேரத்தில் அந்த நடைபாதையால் போகிறார்கள், பின்பக்கத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்பது போன்றவை. கவுன்சிலரைக் கூப்பிடுவதில் தப்பில்லை, ஆனால் அவரை மட்டும் நம்பி 15 நாளைத் தவறவிட வேண்டாம்.

அனுமதியில்லாத கடை என்றால் கதை வேறு. அங்கே சிற்றிக்கு அதிகாரம் உண்டு. மாகாணத்தின் கஞ்சாக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கடையை உடனே மூடிவைக்க அதிகாரிகளுக்கு முடியும். 2019 ஜூலையில் ரொறன்ரோவில் மூடிய கடைகள் திரும்பத் திரும்பத் திறந்தபோது, வாசலில் பெரிய கொங்கிறீற் கட்டைகளையே கொண்டுவந்து அடுக்கினார்கள். அனுமதி பெற்ற கடை என்றால் வாசலில் ஒன்ராறியோ மாகாணத்தின் அங்கீகார முத்திரை தெரியும்படி இருக்கும். அது இல்லையென்றால் சிற்றியின் 311 தொலைபேசி எண்ணுக்கு அழைத்துச் சொல்லலாம்.