"இட்லி குடுக்கலாமா, சிஸ்டர்?"

ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் அந்த அம்மாவிடம் பேசிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கணவருக்கு மூளையில் பெரிய ரத்தக்கசிவு, மூச்சு தானாக வரவில்லை, வென்டிலேட்டர் போட்டிருக்கிறோம், பிழைப்பது கஷ்டம் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். அந்த அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவைக் காட்டி என்னிடம் கேட்டார்: "சிஸ்டர், ரெண்டு இட்லி கொண்டாந்திருக்கேன். அவருக்குக் குடுக்கலாமா?"

புதிதாக வரும் டூட்டி டாக்டர்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள். "எத்தனை தடவைதான் சொல்றது? சொன்னா புரியறதே இல்ல." நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி நினைத்தவள்தான், படிப்பறிவு இல்லாததால் வருகிற குழப்பம் என்று. பிறகு ஒரு நாள் ஒரு டாக்டர் தன் அப்பாவுக்காக அதே வாசலில் நின்றார். எத்தனையோ பேருக்குச் செய்தி சொன்னவர், ஒரே கேள்வியை என்னிடம் மூன்று முறை கேட்டார். அன்றோடு என் எண்ணம் மாறிப்போயிற்று. பிரான்சில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்விலும் இதுதான் தெரிந்தது. ஐ.சி.யூ. நோயாளிகளின் உறவினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, டாக்டர் பேசி முடித்த பிறகும், நோய் என்ன, சிகிச்சை என்ன, பிழைப்பாரா என்பவற்றில் ஏதோ ஒன்று பிடிபடவே இல்லை.

ஏன் இப்படி? கெட்ட செய்தி காதில் விழுந்ததும், மூளையின் அடிப்பகுதியில் பாதாம்பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று மணி அடிக்கிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, வாய் உலர்கிறது. புலி எதிரே வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பு செய்யும் ஏற்பாடு இது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-இலேயே இதை விளக்கிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடுவதற்கு ஏது இடம்? எதிர்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்? அட்ரினலினைத் தொடர்ந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் ஏறுகிறது. அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதாவது டாக்டர் போய் வெகு நேரமான பிறகும் அந்த அம்மாவின் உடம்பு அவசர நிலையிலேயேதான் இருக்கிறது.

இதில் முக்கியமாக அடிபடுவது நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. யாராவது போன் நம்பர் சொன்னால், தாளில் எழுதும்வரை அதை மனசில் பிடித்து வைத்திருக்கிறோமே, அது அந்தப் பகுதியின் வேலை. கேட்டதைக் கோத்துப் பார்ப்பதும், "அப்படியென்றால் இனி என்ன" என்று யோசிப்பதும் அதுவேதான். நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அளவாகச் சுரந்தால் அந்தப் பகுதி கூர்மையாகிறது. அளவு மீறினால் அங்குள்ள நரம்பணுக்களின் பேச்சுவார்த்தையே தளர்ந்துபோகிறது. "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று சொல்கிறார்களே, அது நடிப்போ மிகையோ இல்லை. உடம்பு அந்த நேரத்தில் இருக்கிற நிலையே அதுதான். கணவருக்கு மூச்சு தானாக வரவில்லை என்ற வாக்கியம் அந்த அம்மாவின் காதில் விழுந்தது. அதை இட்லியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம் அப்போது வேலை செய்யவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. அதிர்ச்சி நேரத்தில் மூளை சிலதை ஆழமாகப் பதிக்கும், பலதை விட்டுவிடும். மாதங்கள் கழித்து வருகிறவர்கள் டாக்டர் நின்ற இடத்துக்குப் பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரை, அதில் கிழிக்காமல் இருந்த தேதியைக்கூடச் சொல்வார்கள். அவர் சொன்ன வார்த்தைகள் மட்டும் இருக்காது.

அப்படியானால் என்ன செய்யலாம்? இதற்கும் பிரான்சிலிருந்தே ஒரு நல்ல பதில் 2007-இல் வந்தது. 22 ஐ.சி.யூ.க்களில், இறக்கும் தறுவாயில் இருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பேச்சு. மறு பாதிக்குத் திட்டமிட்ட ஒரு சந்திப்பும், துக்கத்தைப் பற்றிய சிறு கையேடும். வழக்கமான பேச்சு சுமார் 20 நிமிஷம் நடந்தது, புது முறையில் 30. கூடுதலாகப் பத்தே நிமிஷம். ஆனால் அந்த நேரத்துக்குள் குடும்பத்தார் பேசியது எவ்வளவு என்று பார்த்தால், வழக்கமான முறையில் 5 நிமிஷம், புது முறையில் 14. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கெட்ட கனவு, திடுக்கிடல் போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்காயத்தின் அறிகுறிகள் முதல் குழுவில் 69 சதவீதத்தினருக்கும் இரண்டாவதில் 45 சதவீதத்தினருக்கும் இருந்தன. மருந்து எதுவும் தரவில்லை. அவர்களைப் பேச விட்டார்கள், அவ்வளவுதான். நர்ஸாக நான் படித்தவற்றில் இந்த அளவுக்கு என்னை அசைத்த எண்கள் வேறில்லை.

அதனால் இப்போது நான் முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன். உட்கார வைத்து, நானும் உட்கார்ந்து, "டாக்டர் உங்ககிட்ட என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்கிறேன். எது மனசில் ஏறியது, எது ஏறவில்லை என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் சொல்வேன். "நம்ம கையில இல்ல", "மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்று சுற்றி வளைத்தால் கேட்பவர் அதில் நம்பிக்கையைத்தான் எடுத்துக்கொள்வார். இறந்துவிட்டார் என்றால் இறந்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும், மெதுவாக. பிறகு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனம்தான் இந்த வேலையிலேயே சிரமமானது.

இழப்புக்குப் பிறகு வருவதும் உடம்பின் வழியாகத்தான் வருகிறது. 1942 நவம்பரில் பாஸ்டன் நகரத்தில் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும், வேறு வகையில் துக்கத்தில் இருந்தவர்களையும் சந்தித்துப் பேசிய மனநல மருத்துவர் எரிக் லிண்டமன், 1944-இல் தான் கண்டதை எழுதினார். துக்கம் அலை அலையாக வருகிறது, ஒவ்வொரு அலையும் இருபது நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கிறது. தொண்டை இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது, பெருமூச்சு வருகிறது, வயிறு வெறுமையாகிறது, உடம்பில் வலு இல்லாமல் போகிறது. நம் வீட்டுப் பெண்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள்: தொண்டையை அடைக்குது, நெஞ்சை அடைக்குது, அடிவயிறு கலங்குது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது அது. அவர் பேசியது சாகக் கிடந்த நோயாளிகளோடு. உறவை இழந்தவர்களுக்கு அது பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. "இன்னும் உனக்குக் கோபமே வரலையே" என்று துக்கப்படுகிறவரைப் பரீட்சை வைப்பது கொடுமை. துக்கத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம்தான் நான் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. மனசு ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. ஒரு பக்கம் இழந்தவரை நினைத்து அழுகை, மறுபக்கம் ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி பரிமாறும்போது மகன் எதற்கோ சிரித்துவிட்டால், அவனுக்குப் பாசமில்லை என்று ஊர் பேசும். அந்தச் சிரிப்பு ஊஞ்சலின் மறுகோடி.

சில நேரம் துக்கம் இதயத்தையே தாக்கும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்த 'டாகோட்சுபோ' என்ற நிலையில், இதயத்தின் இடது கீழறை நுனிப்பக்கம் பலூன் போல உப்பி, பிழிய முடியாமல் நின்றுவிடும். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் கழுத்துக் குறுகிய பானையின் பெயர் அது. உப்பிய அறையின் உருவமும் அப்படியேதான் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. அறிகுறி மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஆனால் அதற்குக் காரணமான அடைப்பு ரத்தக்குழாயில் இருக்காது. அதிர்ச்சியில் பெருகும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இதயத் தசையை மரத்துப்போகச் செய்வதாகக் கருதுகிறார்கள். பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிறது. உண்மையான மாரடைப்பும் வரலாம். நெருங்கிய ஒருவர் இறந்த அடுத்த 24 மணி நேரத்தில் அந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது. அதனால் சாவு வீட்டில் ஒருவர் "நெஞ்சு வலிக்குது" என்றால், துக்கம்தானே என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

எங்களுக்கும் அதே அமிக்டலா, அதே அட்ரினல் சுரப்பிதான். ஒரு மணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்து முடியாமல்போன படுக்கையை, அடுத்த அரை மணியில் விரிப்பு மாற்றி அடுத்த நோயாளிக்குத் தயார் செய்கிறோம். எங்கள் துக்கத்தைத் துக்கம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நாங்களேகூட. அமெரிக்காவில் ஒரு நர்ஸ் தொடங்கிவைத்த பழக்கம் ஒன்று உண்டு. நோயாளி இறந்ததும், குழாய்களைக் கழற்றும் முன், சுற்றி நிற்கிற எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பது. நாங்களும் இரவு டூட்டியில் அப்படி நிற்கத் தொடங்கியிருக்கிறோம். வார்டு பாய் முதற்கொண்டு நிற்கிறார்.

இட்லி டப்பாவோடு வந்த அம்மா இரண்டு மாதம் கழித்து ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தார். வேலை முடிந்தும் போகாமல் நின்றார். "சிஸ்டர், கடைசியில அவருக்கு வலிச்சுதா?" ஸ்டூலை இழுத்துப் போட்டேன். வலி தெரியாமல் இருக்க என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது, எந்த நேரம் இதயம் நின்றது, யார் பக்கத்தில் இருந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு தன் மகளுக்குப் போன் போட்டு, நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னார்.