ஒரு கிலோ கரி, 11 கிலோ காற்று

"வீட்டுக்குப் பின்னால் வைத்துச் சமைக்க ஒரு பார்பிக்யூ அடுப்பு வாங்கலாம் என்றிருக்கிறேன். அதிகம் செலவழிக்க முடியாது. எதைப் பார்த்து வாங்குவது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பர்னர் எண்ணிக்கை, எவர்சில்வர் பளபளப்பு, பக்கவாட்டு மேசை, மூடியில் பதித்த வெப்பமானி என்று விற்பவர்கள் அடுக்கிய பட்டியலில் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. கரி அடுப்புதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இரண்டே விஷயங்களைப் பாருங்கள். மூடி இடுக்கில்லாமல் உட்காருகிறதா? காற்றுத் துளைகள் சிக்காமல் திறந்து மூடுகின்றனவா? மற்ற எதையும் விட இவற்றுக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளிக்கூட வேதியியலில் இருந்து தொடங்கலாம். கரி என்பது பெரும்பகுதி கார்பன். 12 கிராம் கார்பன் முழுதாக எரிய 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ கார்பனுக்கு 2.67 கிலோ ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம்தான் என்பதால், ஒரு கிலோ கரி எரிய ஏறக்குறைய 11.6 கிலோ காற்று தேவைப்படுகிறது. கன அளவில் கிட்டத்தட்ட 10 கன மீட்டர். ஒரு சிறிய அறையில் உள்ள காற்று முழுவதும் அந்த அடுப்புக்குள் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். உள்ளே போகும் பொருளை எடை போட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்று. மிச்சம்தான் நாம் அள்ளிப் போட்ட கரி.

இவ்வளவு காற்றையும் உள்ளே தள்ளுவது யார்? மோட்டார் இல்லை, விசிறியும் இல்லை. நெருப்பே அதை இழுத்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாதாரண அறைக் காற்று ஏறக்குறைய 300 கெல்வினில் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின்) இருக்கிறது. அதையே 600 கெல்வினுக்கு, அதாவது சுமார் 330 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அடர்த்தி பாதியாகிவிடும். லேசான அந்தக் காற்று மேலேறி, மூடியில் இருக்கும் துளை வழியாக வெளியேறுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்பக் கீழ்த்துளை வழியாகக் குளிர்ந்த காற்று நுழைகிறது. புதிய காற்று வந்ததும் கரி இன்னும் சூடாக எரிகிறது. சூடு கூடினால் காற்று இன்னும் வேகமாக மேலேறும். கீழே இன்னும் அதிகமாக இழுக்கும். நெருப்பு தன்னைத் தானே ஊதிக்கொள்கிறது. இப்படியே விட்டால் அது ஏறிக்கொண்டே போகும். துளைகளின் மேல் இருக்கும் அந்தச் சின்னத் தகட்டு மூடிகள்தான் இதற்குக் கடிவாளம்.

சூடு கொஞ்சம் ஏறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். கொஞ்சம்தான் ஏறும், ஆனால் விளைவு அந்த அளவோடு நிற்காது. தணலிலிருந்து உணவுக்கு வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கதிர்வீச்சாக வருகிறது. அந்தக் கதிர்வீச்சு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். ஜோசப் ஸ்டெஃபான் 1879-இல் சோதனை முடிவுகளிலிருந்து கண்டெடுத்த விதி இது. அவருடைய மாணவராக இருந்த லுட்விக் போல்ட்ஸ்மன் 1884-இல் இதைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்துக் காட்டினார். மங்கிய சிவப்பில் கிடக்கும் கங்கு சுமார் 700 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஊதிவிட்டு ஆரஞ்சு நிறத்துக்குக் கொண்டுவந்தால் 1000 டிகிரியைத் தொடும். கெல்வினில் இது 973-லிருந்து 1273, வெறும் 31 சதவீத உயர்வு. ஆனால் 1.31-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள். கதிர்வீச்சு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது!

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சாம்பல் பூத்த ஒரு கங்கின் அருகே நின்று மெதுவாக ஊதுங்கள். வெள்ளைச் சாம்பல் பறந்து போகும். அடியிலிருந்து சிவப்பு விழித்துக்கொண்டு, விளிம்புகளில் ஆரஞ்சாகி, உங்கள் கன்னத்தில் சுளீரென்று படும். ஊதுவதை நிறுத்தினால் நாலைந்து நொடியில் மறுபடி மங்கிவிடும். ஒரு மூச்சுக்கு அத்தனை பலம். கீழ்த்துளையை அரை விரல் அகலம் நகர்த்துவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, நிதானமாக. நகர்த்தியதுமே பலன் தெரியாது. உள்ளே உலோகமும் காற்றும் புதிய நிலைக்கு வரப் பத்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும்.

1952-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் இந்தக் கடிவாளத்தைக் கையில் எடுத்தார். திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் படுத்தும் பாடு அவருக்குச் சலித்துப்போயிருந்தது. அவர் வேலை பார்த்த உலோகப் பட்டறையில் நீரில் மிதக்கும் உலோக மிதவைகள் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கி, துளை போட்டுவிட்டார். இன்றுவரை குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல வடிவம் அதுதான் என்பது என் கருத்து.

ஆனால் வடிவம் மட்டும் போதாது. நான் முதலில் வாங்கிய மலிவு அடுப்பின் மூடி வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி. துளைகளை முழுக்க மூடினாலும் தணல் கொதித்துக்கொண்டே இருக்கும். வெளியே கருகி உள்ளே வேகாத இறைச்சியை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். பிறகுதான் வாங்கும் இடத்திலேயே சோதிக்கப் பழகினேன். ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியைப் போட்டு, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். சுற்றி எட்டுப் பத்து இடங்களில் இப்படிச் செய்தால் எங்கே இறுக்கம், எங்கே இடுக்கு என்று தெரிந்துவிடும். உள்ளே செல்போன் டார்ச்சை எரியவிட்டு மூடினால் இன்னும் தெளிவு.

உலோகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வெறும் பெயின்ட் அடித்த மெல்லிய தகரம் சீக்கிரம் உரிந்து துருப்பிடிக்கும். சுட்டெடுத்த எனாமல் பூச்சு நீடிக்கும். துத்தநாகம் பூசிய கம்பி வலையை மட்டும் உணவுத் தட்டாக வைக்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். உணவு வைக்கும் தட்டு கனமான வார்ப்பிரும்பாக இருந்தால் சூட்டைத் தேக்கி வைத்துக் கோடு விழச் சுடும். அப்புறம், அகலம் முக்கியம். தணலை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கத்தைக் காலியாக விட இடம் இருந்தால் கருகப்போவதை உடனே நகர்த்திக் காப்பாற்றலாம்.

கேஸ் அடுப்பென்றால் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) எண்ணைக் காட்டி மயக்குவார்கள். 30,000 பி.டி.யு. என்றால் மணிக்கு அவ்வளவு கேஸைக் குடிக்கும், சுமார் 8.8 கிலோவாட், அவ்வளவுதான். அதைத் தட்டின் பரப்பால் வகுத்துப் பார்த்தால்தான் உணவுக்கு எவ்வளவு என்று தெரியும். நீலச் சுடர் கதிர்வீச்சில் மிகவும் சோனி. அதனால் சுடருக்கு மேல் இருக்கும் தகடு காய்ந்து, அதுதான் தணலின் வேலையைச் செய்கிறது. அந்தத் தகடு கனமாக இருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள்.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அதிகச் சூட்டில் முதலில் பொரித்தெடுத்தால் இறைச்சியின் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று இன்னும் சொல்கிறார்கள், அதை வைத்து விலை உயர்ந்த அடுப்பையும் விற்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பெரிய வேதியியலாளரான லீபிக் பரப்பிய கருத்து இது. தவறு என்று எடை போட்டே காட்டிவிட்டார்கள். அந்தச் சூடு தருவது மணமும் நிறமும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விவரித்த, உணவைப் பழுப்பாக்கும் அந்த வினை, 140 டிகிரி வாக்கில் இருந்து மும்முரமாக நடக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், சுடுவதற்கு முன் துணியால் ஒற்றி எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்குச் செலவே இல்லை.

செலவைப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. காற்று போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடுகிறது. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். மழை வந்துவிட்டது என்று கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ எடுத்துப் போகவே கூடாது. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பகட்டான ஆய்வுகளுக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பங்காவது மலிவான, புகையில்லாத அடுப்பு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த ஆய்வுக்கும் அடிப்படை நாம் மேலே பார்த்த அதே காற்றோட்டம்தான்.

சரி, சமையல் முடிந்தது. தட்டுக்குக் கீழே பாதிக் கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. மூடியைப் போட்டு மேல்துளை, கீழ்த்துளை இரண்டையும் இறுக மூடுங்கள். நடுத்தர அளவு அடுப்புக்குள் சிக்கிக்கொள்ளும் காற்று சுமார் 100 லிட்டர். அதை வைத்து அதிகம் போனால் 10 கிராம் கரி எரியும். மிச்சமெல்லாம் மூச்சுத் திணறி அணைந்துவிடும். மறுநாள், எல்லாம் நன்றாக ஆறியபின் திறந்து சாம்பலை உதறினால், அடுத்த முறைக்கான கரி அங்கேயே கிடக்கும்.