பிள்ளைகள் மருத்துவரிடம் ஏன் தாமதமாக வருகிறார்கள்?

பாலியல் கல்வி என்றாலே பலருக்கும் உடலுறவுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் மருத்துவராக நான் தினமும் பார்ப்பது வேறு. வெட்கத்தால் மறைத்த வலி, யாரிடமும் கேட்க முடியாத சந்தேகம், இவற்றால் தள்ளிப்போன சிகிச்சை.

14 வயதுப் பையன் ஒருவனுக்கு இரவில் திடீரென்று ஒரு பக்க விதையில் கடும் வலி. அம்மாவிடம் "வயிறு வலிக்குது" என்று மட்டும் சொன்னான். வாந்தியும் இருந்ததால் வயிற்றுக்கோளாறு என்று நினைத்து மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். மறுநாள் மதியம் வீக்கத்தால் நடக்கவே முடியாமல் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் தண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்குமேல் ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அந்தப் பையனுக்கு விதையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மீதமிருக்கும் ஒன்றே ஹார்மோன் சுரக்கவும் பின்னாளில் குழந்தை பெறவும் பொதுவாகப் போதும், சரி. ஆனாலும் "அங்க வலிச்சா உடனே சொல்லு, ராத்திரின்னாலும் எழுப்பு" என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அதை இழந்திருக்கவே மாட்டான். 12 முதல் 18 வயதுக்குள்தான் இது அதிகம் வருகிறது. ஆண்பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தூக்கத்தில் விந்து வெளியேறுவது. இதற்காகப் பயந்து வரும் பையன்களின் முகத்தைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். "உடம்பு தேஞ்சிடும், ஞாபகசக்தி போயிடும்" என்று எங்கோ படித்திருப்பான், தூக்கமும் பசியும் இல்லாமல் இளைத்தும் போயிருப்பான். இளைக்க வைத்தது பயம்தான். இத்தனை சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து ஆகிறது என்பது வெறும் கட்டுக்கதை. விந்தின் பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் திரவம். விந்தணுக்கள் அதில் சிறு பங்குதான், அவற்றையும் உடல் ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சுயஇன்பத்தால் ஆண்மை போகாது, நரம்பும் தளராது. இந்தப் பயத்தை வைத்தே லேகியம் விற்றுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பருவத்தில் பையன்களுக்கு மார்பு லேசாகப் புடைப்பதும் சகஜம். அநேகமாக இரண்டு ஆண்டுகளுக்குள் தானே சரியாகிவிடும்.

பெண்பிள்ளைகளிடம் மாதவிடாய் பற்றி முதல் மாதவிடாய்க்கு முன்பே பேச வேண்டும். மார்பு வளரத் தொடங்கிச் சுமார் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது வரும் என்பதால், அந்த வளர்ச்சி தொடங்கியதுமே பேச ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் நாட்கள் முன்னே பின்னே ஆவது இயல்பு. ஆனால் ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ, பள்ளிக்கே போக முடியாத அளவு வலித்தாலோ "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று கேட்கிறார்கள். யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாலியல் கல்வி உடலுறவை முன்கூட்டியே தொடங்க வைப்பதில்லை என்கிறது. அது 5 வயதிலிருந்தே தொடங்கச் சொல்கிறது. அந்த வயதில் என்ன சொல்வது? உறுப்புகளின் பெயர், யார் தொடலாம் யார் தொடக்கூடாது, "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்னால் அதைக் கட்டாயம் வந்து சொல்ல வேண்டும் என்பது. அவ்வளவுதான். குழந்தைகளிடம் அத்துமீறுகிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் என்பதால் "முன்பின் தெரியாதவரிடம் பேசாதே" என்பது மட்டும் போதாது.

வளர வளர மற்றவை. சம்மதம் இல்லாமல் தொடுவது காதல் இல்லை என்பது, ஒரே ஒரு முறை உறவிலும் கர்ப்பமாகலாம் என்பது, ஆணுறை கர்ப்பம், பால்வினை நோய் இரண்டிலிருந்தும் காக்கும் என்பது. செல்போனில் பார்க்கும் ஆபாசப் படம் நடிப்பு என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாம் வாய் திறக்காத வீட்டில் அதுதான் பாடம் நடத்துகிறது. மேசை போட்டு உட்கார வைத்து ஒரே நாளில் முடிக்கும் பேச்சல்ல இது. வண்டியில் போகும்போது, துணி மடிக்கும்போது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நேரத்தில் பிள்ளைகள் எளிதாகக் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள், அப்புறம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவரிடம் அழைத்து வந்தால் பத்து நிமிடம் வெளியே இருந்து பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள். உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்பது போன்ற விஷயம் தவிர, சொல்வது என்னோடுதான் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் நான் பேச்சைத் தொடங்குவேன். வெளியே போய் என்ன கேட்டார்கள் என்று துருவாதீர்கள். அடுத்த முறை வலித்தால் அவர்களே வந்து சொல்வார்கள்.