பெயரில்லாமல் வந்த மின்னஞ்சல்

தேர்வு முடிவு வெளியான இரவு எனக்கு வந்த மின்னஞ்சல் இது: "மார்க் கம்மியா இருக்கு, செக் பண்ணுங்க." அவ்வளவுதான். பெயர் இல்லை, பாடம் இல்லை. முகவரியிலும் ஏதோ புனைபெயர். மூன்று வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவன், யாருடைய விடைத்தாளைத் தேடுவேன்? மரியாதை இல்லாததைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உதவலாம் என்றாலும் வழியில்லையே என்பதுதான் எரிச்சல்.

நேர்மாறான மின்னஞ்சல்களும் வரும். "மாண்புமிகு ஆசான் அவர்களுக்கு" என்று தொடங்கி நான்கு வரி புகழ்ச்சி. ஆனால் பதிவு எண் இருக்காது! எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

தலைப்பு வரியில் பாடமும் வகுப்பும் இருக்கட்டும். ஒரு வணக்கம், உங்கள் பெயர், எண், பிறகு கேள்வி. "மூன்றாவது விடையில் எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும், எப்போது வந்து பார்க்கலாம்?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

சரி, எப்படி அழைப்பது? கல்லூரியில் கற்பிக்கும் எல்லாரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பட்டம் தெரியாதபோது 'பேராசிரியர்' என்பது பாதுகாப்பானது. உதவிப் பேராசிரியரை அப்படி அழைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஸ்வீடனில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதே இயல்பு, ஜெர்மனியில் பட்டத்துக்கு இன்னும் மதிப்பு உண்டு. புது இடத்தில் மரியாதையைக் கொஞ்சம் கூட்டியே தொடங்குங்கள். "பெயர் சொல்லியே கூப்பிடு" என்று அவரே சொன்னால் குறைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆண் ஆசிரியருக்குப் பட்டம் சேர்க்கும் மாணவர்கள், அதே தகுதியுள்ள பெண் ஆசிரியரை வெறும் 'மிஸ்' ஆக்கிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்வதில்லை, வாய்ப்பழக்கம். 2018இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மாணவர்கள் எழுதிய மதிப்புரைகளில், குடும்பப் பெயரால் மட்டும் குறிப்பிடப்படும் வாய்ப்பு ஆண் பேராசிரியர்களுக்கே அதிகம். அப்படிக் குறிப்பிடப்படுகிறவரைத்தான் மக்கள் அதிகப் புகழ்பெற்றவராக நினைக்கிறார்கள் என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

வகுப்புக்கு வராத நாளைப் பற்றி "முக்கியமா ஏதாவது நடத்தினீங்களா?" என்று கேட்காதீர்கள். நண்பரின் குறிப்பைப் படித்துவிட்டு, புரியாததை மட்டும் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். நாளை கடைசி நாள் என்று இரவு பதினொரு மணிக்கு வந்தால், பொதுவான நான்கு வரிக்கு மேல் எனக்கும் ஓடாது. எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், என்னிடம் என்ன படித்தீர்கள், என்ன செய்முறைத் திட்டம் செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அப்புறம், வகுப்பில் என்னோடு வாதாடியவர் என்று தயங்க வேண்டாம். நான் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அவர்களைத்தான்.

அந்தப் பெயரில்லாத மாணவர் ஒரு வாரம் கழித்து அறை வாசலில் வந்து நின்றார். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். கூட்டலில் 6 மதிப்பெண் விட்டுப்போயிருந்தது, தவறு என்னுடையதுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பெயரைக் கேட்டேன்.