பாதிப்படியில் நின்ற நாற்காலி

லண்டன் ஹாரோவில் இருக்கும் பெரியம்மா வீட்டு ஸ்டேர்லிஃப்ட், அதாவது மாடிப்படியில் ஆளை ஏற்றி இறக்கும் நாற்காலி, ஒரு காலையில் ஏழாவது படிக்கு நேராக நின்றுவிட்டது. பெரியம்மா மேலே போய்க்கொண்டிருந்தார். கைப்பிடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். அண்ணா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். நான் கேட்டது ஒன்றைத்தான்: "கீழே இறங்கும் பக்கம் அழுத்தினால் இறங்குதா?" இறங்கியது. பெரியம்மா பத்திரமாகக் கீழே வந்து சேர்ந்தார். அந்த ஒரு கேள்வியிலேயே பழுதில் பாதி பிடிபட்டுவிட்டது. ஏன் என்று புரிய, அந்த நாற்காலி எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில்தான். முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு அந்தப் பதின்மூன்று, பதினான்கு படிகள் ஒரு மலை. ஸ்டேர்லிஃப்ட் என்பது படிகளின் ஓரமாகப் போட்ட ஒரு தண்டவாளம், அதன்மேல் ஊர்ந்து போகும் ஒரு நாற்காலி. பலர் நினைப்பதுபோல தண்டவாளம் சுவரில் தொங்குவதில்லை. கால்கள் வைத்துப் படிகளிலேயே திருகப்பட்டிருக்கும். தண்டவாளத்தின் நீளத்துக்கும் ஒரு பல்பட்டை உண்டு. நாற்காலிக்கு அடியில் இருக்கும் மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்ற, அது அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே திருகு வடிவப் பல்லிணைப்பு இருக்கும். மோட்டார் சுழன்றால் சக்கரம் சுழலும். சக்கரத்தைத் தள்ளினால் மோட்டார் அசையாது. மின்சாரம் போனாலும் நாற்காலி சறுக்கிக்கொண்டு கீழே ஓடாமல் இருப்பதற்கு இதுவும், கூடவே வைத்திருக்கும் பிரேக்கும்தான் காரணம்.

இப்போதைய ஸ்டேர்லிஃப்டுகள் பெரும்பாலும் ஓடுவது பேட்டரியில். இருக்கைக்கு அடியில் இரண்டு பன்னிரண்டு வோல்ட் ஈய அமில பேட்டரிகள் இருக்கும். கம்ப்யூட்டர் யூ.பி.எஸ்ஸுக்குள் பார்த்திருப்பீர்களே, அதே செங்கல் அளவு சாமான். சுவரில் இருக்கும் பிளக் மோட்டாரை ஓட்டுவதற்கு இல்லை. அந்த பேட்டரிகளை நிரப்பி வைப்பதுதான் அதன் வேலை. கரண்ட் போன ராத்திரியிலும் ஒருவர் கீழே இறங்க முடிவது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 100 கிலோ, மாடி 2.6 மீட்டர் உயரம் என்றால், தூக்கத் தேவையான ஆற்றல் சுமார் 2,500 ஜூல். திருகுப் பல்லிணைப்பில் உராய்வு அதிகம். பாதிக்கு மேல் சூடாகப் போய்விடும். ஆக 6,000 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு 7 ஆம்பியர்-மணி பேட்டரிகளில் இருப்பதோ 6 லட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் கூட. ஏட்டுக் கணக்கில் நூறு தடவை ஏறலாம்! நடைமுறையில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். என்றாலும் பேட்டரியில் ஆற்றல் பற்றாமல் போவது அரிது. தகராறு வேறு இடத்தில் இருக்கிறது.

நாலு மீட்டர் தண்டவாளத்தை அரை நிமிடத்தில் ஏற வேண்டுமென்றால் சுமார் 200 வாட் வேண்டும். 24 வோல்ட்டில் அது எட்டு ஆம்பியர் மின்னோட்டம். புது பேட்டரி இதை அலட்டிக்கொள்ளாமல் தரும். பேட்டரி நாட்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அதன் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்த பிறகு சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. பேட்டரியின் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு பேட்டரியே போடும் தடை, ஏறும். அந்தத் தடை அரை ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். எட்டு ஆம்பியர் இழுக்கும்போது நாலு வோல்ட் உள்ளேயே தொலைந்துபோகும். ஓட்டமில்லாமல் மல்டிமீட்டர் வைத்தால் 25 வோல்ட் காட்டும். ஆள் உட்கார்ந்து ஏற ஆரம்பித்ததும் சட்டென்று இருபதுக்குப் பக்கத்தில் சரியும். கட்டுப்பாட்டு போர்டு அதைப் பார்த்து நிறுத்திவிடும்.

இறங்கும்போது புவியீர்ப்பே உதவுவதால் மோட்டாருக்கு அவ்வளவு மின்னோட்டம் தேவையில்லை. அதனால்தான் பெரியம்மாவால் இறங்க முடிந்தது. வெறும் நாற்காலியை மேலே அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். முக்கி முனகியபடி ஏறிவிட்டது. ஆளோடு ஏறாது, ஆளில்லாமல் ஏறும், ஆளோடு இறங்கும் என்றால் எனக்கு முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான் விழும்.

வெறும் நாற்காலிகூட மேலே போகாமல், கீழே மட்டும் இறங்கியிருந்தால் கதை வேறு. கால்பலகையின் ஓரங்களிலும், ஊர்ந்து செல்லும் பெட்டியின் முனைகளிலும் அழுத்தம் பட்டால் உள்வாங்கும் தகடுகள் இருக்கின்றன. மேல்பக்கத் தகட்டில் ஒரு செருப்போ பேரப்பிள்ளையின் பொம்மையோ இடித்தால் மேலே போவது மட்டும் தடைபடும். பின்வாங்க வழி திறந்தே இருக்கும். சில சமயம் இடித்த பொருளை எடுத்த பிறகும் தகடு முழுதாக வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். விரலால் ஓரத்தை மெல்ல அழுத்தி விட்டால் 'டக்' என்று திரும்பி வரும். அந்தச் சத்தம் உள்ளே இருக்கும் நகம் அளவு மைக்ரோ ஸ்விட்சினுடையது.

இந்த ஸ்விட்சுகளை இணைத்திருக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒவ்வொரு திசைக்கும் உரிய ஸ்விட்சுகள் எல்லாம் ஒரே வரிசையில், மூடிய நிலையில் இருக்கும். இருக்கை நேராகப் பூட்டியிருக்கிறதா, கால்பலகை தடையின்றி இருக்கிறதா, தண்டவாள எல்லை தாண்டவில்லையா என்று ஒவ்வொன்றும் 'சரி' சொன்னால்தான் மின்சாரம் கடந்து போகும். ஒரு கம்பி அறுந்தாலும், ஒரு ஸ்விட்ச் செத்தாலும் நாற்காலிக்கு அது ஆபத்து என்றுதான் தெரியும்; நின்றுவிடும். ஆகவே நின்றுபோன ஸ்டேர்லிஃப்ட் பல நேரங்களில் கெட்டுப்போனதாக இருக்காது. மாடியில் இறங்குவதற்காகத் திருப்பிய இருக்கை 'கிளிக்' என்று விழாமல் ஒரு விரல்கடை விலகி நின்றால்கூடப் போதும், இரண்டு பக்கமும் அசையாது. இதே காரணத்தால், கோளாறு செய்யும் ஸ்விட்சை யாராவது கம்பி போட்டுக் குறுக்கே இணைத்துவிடுகிறேன் என்றால் தயவுசெய்து விடாதீர்கள். அந்தச் சங்கிலியை நம்பித்தான் ஒருவர் அதில் உட்காருகிறார்.

அப்புறம் சில்லறைக் காரணங்கள்: கைப்பிடியில் இருக்கும் சாவி அணைந்திருப்பது, ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருப்பது. திரையில் எண் ஏதாவது தெரிந்தால் அணைத்துப் போடும் முன் குறித்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடியும். உட்கார்ந்திருப்பவரைப் பாதிவழியில் எழுந்து நடக்கச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. இறக்க முடியாவிட்டால் அப்படியே உட்கார வைத்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

சரி, பெரியம்மா வீட்டுப் பேட்டரி ஏன் பட்டினி கிடந்தது? தண்டவாளத்தின் இரு முனைகளிலும் சார்ஜ் ஏறும் சிறு உலோகப் பட்டைகள் இருக்கும். நாற்காலி அங்கே போய் நின்றால்தான் தொடும். அண்ணா அதைத் துடைத்துப் பார்த்தார். கறுப்பு ஏதும் இல்லை. பிறகு செருப்பு அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுத் தடவினார். சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாமல் இருந்து பழகியவர் பெரியம்மா. படுக்கப் போகும் முன் வீட்டில் இருக்கும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். சார்ஜ் ஏறவில்லை என்று நாற்காலி இடைவிடாமல் 'பீப்' போட்டுச் சொல்லியிருக்கிறது. புகை அலாரத்தின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அண்ணா அதைத்தான் மாற்றியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து இரண்டு பேட்டரிகளையும் சேர்த்தே மாற்றினார். பழசு ஒன்றை வைத்துக்கொண்டு புதுசு ஒன்றைப் போட்டால், பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும். இப்போது அந்த ஸ்விட்சின் மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. அதில் அண்ணாவின் கையெழுத்தில், "அம்மா, இதை நிப்பாட்ட வேண்டாம்."