ஒரே இலையை மூன்றாக வெட்டினால் மூன்று மாதிரி ஆகாது

மாதிரி எடுத்து முடித்தபின் கணக்குப் பார்க்க என்னிடம் வருபவர்களில் இந்த வருடத்தில் இது நான்காவது ஆள். போன கிழமை ஒரு பிள்ளை முல்லைத்தீவிலிருந்து பஸ் ஏறி, பைக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு என்னைத் தேடிக் கிளிநொச்சிக்கு வந்தாள். உப்புத் தண்ணீர் விட்டு வளர்த்த நெல், நல்ல தண்ணீர் விட்டு வளர்த்த நெல், இரண்டின் ஆர்.என்.ஏயையும் (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது அதுதான்) வெளிநாட்டுக்கு அனுப்பி வரிசைப்படுத்தி எடுத்திருக்கிறாள். உப்புப் பக்கத்துக்கு மூன்று மாதிரி, நல்ல தண்ணீர்ப் பக்கத்துக்கு மூன்று மாதிரி. "எந்த மரபணு உப்புக்கு மாறுது என்று மட்டும் பார்த்துத் தாங்கோ சேர்" என்றாள். மூன்றும் வேறு வேறு பயிரா பிள்ளை என்று கேட்டேன். இல்லை, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே பயிர், ஒரே இலை, மூன்று துண்டு. காசு முழுக்க அவளுடைய அக்கா கொடுத்தது.

எனக்கு அவள் மேல் கோபமில்லை. இலையில் கத்தி படமுதல் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் இருக்கவில்லையே என்றுதான் கோபம்.

சரி, திரும்பவும் சொல்கிறேன். புதுப் பசளை ஒன்று விளைச்சலைக் கூட்டுமா என்று பார்க்க ஒரு வயலுக்குப் போட்டு, பக்கத்து வயலுக்குப் போடாமல் விட்டு, அறுத்தபின் ஒவ்வொன்றிலும் ஒரே மூட்டையை மூன்று தரம் தராசில் ஏற்றி இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று தரமும் கிட்டத்தட்ட ஒரே நிறைதான் வரும். அதிலிருந்து தராசு சரி என்று தெரியும், பசளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு வயல் வாய்க்கால் தொடங்கும் இடத்திலும் மற்றது தண்ணீர் எட்டாத முடிவிலும் இருந்திருக்கலாம். பசளையே போடாவிட்டாலும் வயலுக்கு வயல் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று தெரிந்தால்தான் பசளை செய்ததை அதோடு ஒப்பிடலாம். இலைத் துண்டும் அந்த மூட்டைதான்.

"மாதிரிக்கு 3 கோடி ரீட் எடுத்திருக்கு, காணாதா?" என்று கேட்கிறார்கள். ரீட் என்பது ஆர்.என்.ஏயிலிருந்து கருவி வாசித்தெடுக்கும் ஒரு சிறு துண்டு. காணாது. ரீட் கூடக்கூட அந்த ஒரு பயிரைத்தான் இன்னும் துல்லியமாக எண்ணுகிறீர்கள். எந்த மரபணு மாறியது என்று கணக்குப் பார்க்கும் மென்பொருள்களான டிஈசெக்2, எட்ஜ்ஆர் இரண்டும் மறை ஈருறுப்புப் பரம்பல் என்ற புள்ளியியல் மாதிரியுருவை வைத்திருப்பதே பயிருக்குப் பயிர் இருக்கும் மாறுபாட்டைக் கணக்கில் எடுக்கத்தான். ஒரே இலையின் துண்டுகளைக் கொடுத்தால் மாறுபாடு சின்னதாகத் தெரியும், மென்பொருள் அதை நம்பி ஆயிரக்கணக்கில் மரபணுக்களை அள்ளித் தரும், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

உண்மையான மூன்று மாதிரிகூட மெலிவானதுதான். 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஈஸ்ட்டில் பக்கத்துக்கு 48 மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். வெறும் 3 மாதிரியோடு பெரும்பாலான மென்பொருள்கள், முழுத் தரவில் பிடிபட்ட மரபணுக்களில் 20 முதல் 40 சதவீதத்தைத்தான் பிடித்தன. குறைந்தது 6 எடுங்கள் என்றார்கள். காசு மட்டு என்றால் ரீட்டைக் குறைத்துப் பயிரைக் கூட்டுங்கள்.

இன்னொரு தம்பி உப்பு விடாத கட்டுப்பாட்டுப் பயிரை எல்லாம் காலபோகத்திலும் உப்புப் பயிரை எல்லாம் சிறுபோகத்திலும் வெட்டியிருந்தார். போகத்தையும் சேர்த்துக் கொடுத்ததும் மென்பொருள் உப்பின் விளைவையும் போகத்தின் விளைவையும் பிரிக்க முடியாது என்று பிழை காட்டியிருக்கிறது. அவர் மென்பொருளுக்குக் கொடுத்த சூத்திரத்திலிருந்து போகத்தை அழித்துவிட்டார், பிழை போய்விட்டது! அது பிழைச் செய்தி இல்லை தம்பி, எச்சரிக்கை மணி. காலையில் வெட்டிய இலைக்கும் பின்னேரம் வெட்டிய இலைக்குமே மரபணு வெளிப்பாடு வேறு.

மற்றவை சுருக்கமாக. இந்த மென்பொருள்களுக்கு டிபிஎம் (மரபணு நீளத்துக்கும் மொத்த ரீட்டுக்கும் ஏற்பச் சரிக்கட்டிய அளவு) கொடுக்காதீர்கள், ரீட் எண்ணிக்கையை அப்படியே கொடுங்கள். 30,000 மரபணுவைச் சோதித்து பி மதிப்பு (மாற்றமே இல்லாதபோது இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05இல் கோடு போட்டால், ஒன்றுமே மாறாதபோதும் சுமார் 1,500 தற்செயலாக வரும், இத்தனை சோதனைக்கும் ஏற்பத் திருத்திய பி மதிப்பைப் பாருங்கள். மரபணுப் பட்டியலை எக்செலில் திறக்காதீர்கள், சில பெயர்களைத் திகதியாக்கிவிடும். சேர்வர் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம், ரீட்டுகளை மரபணுவாரியாக எண்ணும் சால்மன் என்ற மென்பொருள் நெல்லுக்குச் சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும்.

அந்தப் பிள்ளையிடம் மிச்ச விதை இருக்கிறது. இந்தமுறை பக்கத்துக்கு ஆறு சாடி, சாடிக்கு ஒரு பயிர், எந்தச் சாடிக்கு உப்பு என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானித்து, எல்லாவற்றையும் ஒரே காலையில் வெட்டுவது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரிசைப்படுத்தக் காசு எங்கே என்று இன்னும் தெரியவில்லை. நீங்களும் இப்படி ஏதாவது தொடங்குகிறீர்கள் என்றால், தயவுசெய்து விதை போடமுதல் வாருங்கள், ஒரு தாளில் சாடிகளைக் கீறிக்கொண்டு வந்தால் போதும்.