கூண்டுப்புழுவும் கூட்டுப்புழுவும்

நெல் சாகுபடி பற்றிய துண்டறிக்கை ஒன்றை மெய்ப்புப் பார்க்கும்போது இந்த வரி கண்ணில் பட்டது: 'வயலில் தேங்கிய நீரை வடித்தால் கூட்டுப்புழு அழியும்.' எழுதியவர் 'கூண்டுப்புழு' என்றுதான் எழுதியிருந்தார். இடையில் யாரோ 'ண்' பிழையென்று 'ட்' போட்டுவிட்டார்கள். ஓர் எழுத்தில் பூச்சியின் பருவமே மாறிப்போயிற்று.

கூட்டுப்புழு என்பது கூடு + புழு. பியூப்பாவுக்குப் பாடப்புத்தகத் தமிழ். தின்னாமல், நகராமல், உள்ளுக்குள்ளேயே உருமாறிக்கொண்டிருக்கும் பருவம் அது. புழுத்தன்மை போனபின் 'புழு' என்கிறோமே என்று எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் சொல் நிலைத்துவிட்டது.

கூண்டுப்புழு பருவத்தின் பெயரல்ல, ஒரு பூச்சியின் பெயர். நெல் வயலில் நீருக்குள் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலை நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல வெட்டி, அந்தத் துண்டைச் சுருட்டி, உள்ளே பட்டிழை பூசிக் குழலாக்கி, அதற்குள் குடியிருக்கும். இங்கே 'கூண்டு' என்றதும் கிளிக்கூண்டை நினைக்கக் கூடாது. கம்பியும் இல்லை, சிறையும் இல்லை. கூண்டுவண்டியை நினைத்தால் சரியாக இருக்கும். வளைத்துக் கட்டிய கூரை, இருபக்கமும் வழி. யார் இந்தப் பெயரை வைத்தாலும், பொருத்தமாக வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டி நீரில் மிதக்கும். காற்றடித்தால் கூண்டுகள் வயலின் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். சேதம் திட்டுத்திட்டாகத் தெரிவது அதனால்தான். இரவில் புழு கூண்டோடு பயிரில் ஏறி, இலையின் பச்சையத்தைச் சுரண்டும். மிஞ்சுவது காகிதம்போல வெளுத்த கோடுகள், ஏணிப்படி மாதிரி. புழுவின் உடலின் இருபக்கமும் மெல்லிய இழைக்கொத்துகள் இருக்கும். அவைதான் செவுள்கள். கூண்டுக்குள் நீர் இருந்தால்தான் அதற்கு மூச்சு. வயலை வடித்துக் காயவிடச் சொல்வது இதற்காகத்தான்.

முட்டை நீரில் படிந்த இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். சில நாளில் பொரியும். புழுப்பருவம் ஏறத்தாழ 14 முதல் 20 நாள். வளர வளரப் பழைய கூண்டை விட்டுப் புதுக் கூண்டு செய்துகொள்ளும். முற்றியதும் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, கடைசிக் கூண்டைப் பயிரின் தண்டில் ஒட்டவைத்து, அதற்குள் கூட்டுப்புழு ஆகும். ஆக, கூண்டுக்குள் கூட்டுப்புழு! நீரை வடித்து இந்தப் பருவத்தைப் பிடிக்க முடியாது. துண்டறிக்கை சொன்னது அந்த இடத்தில்தான் தவறாகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் வெளிவருவது வெள்ளை நிற அந்துப்பூச்சி. இறக்கையில் மங்கலான பழுப்புக் குறிகள். இரவில் விளக்கைத் தேடி வரும்.

திருத்தியவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரும்பு + பாதை 'இருப்புப்பாதை' ஆகிறதே, கூண்டு + புழு 'கூட்டுப்புழு' ஆகக் கூடாதா? இரும்பு, கூண்டு என்று கடைசி எழுத்துக்கு முன் மெல்லின மெய் வரும் சொல் மென்தொடர்; 'இருப்பு' என்று அங்கே வல்லின மெய் வந்தால் வன்தொடர். மென்தொடர் எல்லாமே வன்தொடராகாது, சிலதான் ஆகும். கூண்டுவண்டி கூண்டுவண்டியாகவேதான் இருக்கிறது.

அறிவியல் பெயர் பாராபாய்ன்க்ஸ் ஸ்டாக்னாலிஸ். இரண்டாம் பாதி, குளம் என்று பொருள்படும் லத்தீன் ஸ்டாக்னத்திலிருந்து வந்தது. பழைய நூல்களில் நிம்புலா டிபங்டாலிஸ் என்றிருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான். 'உறைப்புழு' என்றும் மொழிபெயர்க்கலாம். ஆனால் உறை என்றால் கடித உறையும் தலையணை உறையும்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் எழுதினால் கூண்டுப்புழு என்றே எழுதுவேன். இலைச்சுருட்டுப்புழு என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு. அது இலையை வெட்டாது; பயிரில் இருக்கும் இலையையே மடித்துக்கொண்டு உள்ளே தங்கும், நீரில் இறங்காது.

கட்டுப்படுத்தும் முறைகளில் ஒன்று, மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றை இருவர் இருபக்கமும் பிடித்துப் பயிர்மேல் இழுத்துச் செல்வது. கூண்டுகள் உதிர்ந்து நீரில் விழும். அப்புறம் மடையைத் திறந்து நீரை வடிக்க வேண்டும்.